ஆறடிக் கோடு

சுண்ணாம்பு வாளியைப் பக்கத்து வீட்டுப் பூங்காவனம் படிக்கட்டோரம் வைத்துவிட்டுப் போய் அரை மணி நேரம் ஆகியும் வேதகிரி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வாளிக்குள் சுண்ணாம்பு அடியில் படிந்து, மேலே நீலம் கலந்த தண்ணீர் தெளிந்து நின்றது. வாளியின் குறுக்கே ஒரு பிரஷ், புதியது, விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. அவள் வீட்டை விலைபேசப் பதினோரு மணிக்கு வருகிறார்களாம். வரட்டும். வந்து கண்ணால் பார்த்துவிட்டுப் போகட்டும். அதற்குத்தானே எழுதி வைத்திருக்கிறது. மாடிப்படி ஏறும் மூலையிலிருந்து ஜன்னல் ஓரம் வரைக்கும் முகப்புச் சுவரில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்கு மேலே ‘டிசம்பர் வெள்ளம் – ஆறடி’. கீழே, சற்றுச் சின்ன எழுத்தில், ‘தோழர் ஜம்புலிங்கத்தின் உயிர் குடித்த மட்டம்’. சங்கத்துக் கொடிக்கம்பத்துக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட். ஒன்பது வருஷ வெயிலுக்கும் அது மங்கவில்லை. மங்கினால் அவர் விட மாட்டார், வருஷா வருஷம் மேலே பூசுவார். இந்தத் தெருவில் அந்தக் கோட்டைப் பார்த்துப் பல்லைக் கடிக்காத ஆள் கிடையாது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் குப்புராஜ் போன மாதம் நேரிலேயே வந்தான். “உங்க ஒரு கோட்டால தெருவுக்கே கிரவுண்டுக்கு அஞ்சு லட்சம் அடி வாங்குது சார்” என்றான். “செத்தவனுக்கு எத்தனை அடி வாங்குச்சுன்னு கேட்டியா?” என்று இவர் கேட்டார். அவன் முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் வயிற்றுக்குள் ஒரு குளிர்ச்சி. நாற்பது வருஷமாக இவருக்குப் பதில் சொல்லத் தெரியும். கேள்வி எவன் கேட்டாலும் சரி, முதலாளி, போலீஸ், தாசில்தார், பதில் நாக்கு நுனியில் நிற்கும். இன்றைக்குக் காலையில் மட்டும் நிற்கவில்லை. பூங்காவனம் கேட்கவும் இல்லை, அதுதான். வாளியை வைத்தாள், போய்விட்டாள்.

தெரு முனையில் புதுப் பலகை வெயிலில் மின்னியது. லேக் வியூ அவென்யூ. இவர் வைத்த பெயர் தொழிலாளர் நகர். அந்தப் பலகையைக் கழற்றி இஸ்திரிக்காரர் தன் தள்ளுவண்டிக்குக் கூரையாகப் போட்டிருக்கிறார். அந்த வரைக்கும் அவர் யோக்கியர், உழைப்பவன் தலைக்கு மேல் நிழலாகவாவது இருக்கிறது. அந்த நாளில் ஏரிக்கரை மனையென்றால் கல்யாணத்துக்குப் பெண் கொடுக்க மாட்டான். கொசு, பாம்பு, கரைக்கு அந்தப்பக்கம் சுடுகாடு. இன்று ஏரியைப் பார்த்த வீட்டுக்கு ஒரு விலை, பார்க்காத வீட்டுக்கு ஒரு விலை, மாடியில் எக்கி நின்றால் தெரியும் வீட்டுக்கு நடுவில் ஒரு விலை. ஏரி என்று எதைப் பார்க்கிறான்கள்? ஆகாயத்தாமரையையும் அதற்குக் கீழே நாறும் சாக்கடையையும். அதற்கு ஒரு பால்கனி, பால்கனியில் ஒரு ஊஞ்சல். தெருவில் பாதிப்பேர் விற்றுவிட்டுப் போயாயிற்று. உண்டியல் குலுக்கி வழக்கு நடத்தி, கூட்டுறவுச் சங்கம் கட்டி வாங்கிய மனைகள். விற்றவன் ஒவ்வொருத்தனும் ராத்திரியோடு ராத்திரியாகச் சாமான் ஏற்றினான், இவர் முகத்தில் முழிக்கப் பயந்து. துரோகிகள். அவர்கள் போகட்டும், மீதி இருக்கிறவன் லட்சணம் என்ன? ஒரு ஞாயிற்றுக்கிழமை சுண்டலும் டீயும் கொடுத்துக் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினான்கள். வீடு பார்க்க வருகிறவன் எவன் கேட்டாலும், எல்லாரும் ஒரே பதில்: ‘ரோடு வரைக்கும்தான் சார் வந்துச்சு, ரெண்டு மணி நேரத்துல வடிஞ்சிடுச்சு.’ மினிட் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் வாங்கினான் குப்புராஜ். வாடகைக்கு இருப்பவன், பால்பூத்துக்காரி, இஸ்திரிக்காரர், எல்லாருக்கும் பாடம். இஸ்திரிக்காரர் ஒரு தடவை ஞாபகப்பிசகில் மூன்று மணி நேரம் என்று சொல்லிவிட்டாராம், அதற்கு ஒரு பஞ்சாயத்து. பொய்யிலும் ஒழுங்கு வேண்டும் இவன்களுக்கு. இவர் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. பூங்காவனமும் போடவில்லை. அந்தக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்று சொன்னது தெருவுக்கே தெரியும். “அண்ணன் போட்ட கோட்டுல எவனாவது கைய வெச்சான், அந்தக் கைக்கு நான் பொறுப்பில்ல. அது எம் புருஷன் செத்த கோடு.” அதற்குப் பிறகுதான் குப்புராஜ் கூட்டம் வாலைச் சுருட்டிக்கொண்டது. கோடு இருப்பது இவர் தைரியத்தால் இல்லை. அவளால். அதை நினைக்கும்போது நினைப்பு அங்கேயே ஒரு ஆணியில் வேட்டி மாட்டியதுபோல நின்றுவிடுகிறது, இழுத்தால் கிழியும்.

காலையில் அவள் என்ன சொன்னாள், வரிசையாகச் சொல்லிப் பார்த்தார். முதலில் வாளியை வைத்தாள். “சுண்ணாம்பு கரைச்சிட்டேண்ணே. ரெண்டு கை அடிச்சாப் போதும்.” பிரஷை வாளி மேல் குறுக்கே வைத்தாள். “புரோக்கர் தனசேகர் நேத்தே சொல்லிட்டான். பக்கத்து வீட்டுச் செவுத்துல அப்படி எழுதியிருந்தா ஒருத்தனும் வாசப்படி மிதிக்க மாட்டானாம். இது நாலாவது பார்ட்டி.” வாளியைக் காலால் படியோரம் நகர்த்தினாள். “என்னால முடியலண்ணே. மழை பெஞ்சா ராத்திரி பூரா லைட்டப் போட்டு ஒக்காந்திருக்கேன். அரக்கோணத்துக்கு மவகிட்டயே போயிடறேன். அந்த வாரம் பொறந்த பேத்திக்கு ஒம்போது வயசாவுது, வருசத்துக்கு ரெண்டு தரம் பாத்தா உண்டு.” விற்காதே என்று இவர் சொல்லியிருக்கலாம். துரோகி என்று சொல்லியிருக்கலாம், நாற்பது பேருக்குச் சொன்ன வாய். பிறகு அவள் அதைச் சொன்னாள். தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டே, கீரைக்கட்டு விலை சொல்வதுபோலச் சொன்னாள். “எதுக்கும் உங்க மேல கோவமில்லண்ணே. ஆறடித் தண்ணின்னு நீங்க சொன்னதுலதான் நான் தூங்கினதே. யார் இருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு. நான் இருந்திருந்தாலும்தான்.” போய்விட்டாள்.

நான் இருந்திருந்தாலும்தான். அவள் உயரம் ஐந்தடி இருந்தால் அதிகம். தண்ணீர் அவளுக்குத் தோள்பட்டை வரைக்கும் வந்திருக்கும். கஷ்டம்தான், ஆனால் அவள் வந்திருப்பாள். சந்தேகமே இல்லை, மீன்காரியோடு மல்லுக்கு நிற்பதுபோல அந்தத் தண்ணீரோடு மல்லுக்கு நின்று வந்திருப்பாள். வேதகிரியின் உயரம் ஐந்தரை அடி. அவருக்கு நெஞ்சு வரை. நெஞ்சுக்கும் கழுத்துக்கும் நடுவில். அதற்கு மேல் ஒரு நூல் இல்லை. லேத்தில் பத்தொன்பது வருஷம் நின்றவர். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு என்பது அவர் விரலுக்கே தெரியும், அரை நூல் பிசகினால் ஃபோர்மேன் முகத்துக்கு நேரே பொருளைத் திருப்பி எறிந்த காலம் உண்டு. தண்ணீர் வடிந்த நாலாம் நாள், சேறு காய்ந்து சுவரில் மஞ்சளாக ஒரு கோடு இழுத்திருந்தது. ஏரி தானாகப் போட்ட கோடு. தெருவில் ஒரு ஆள் இல்லை, எல்லோரும் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். அவர் பெட்டியிலிருந்து இரும்பு டேப்பை எடுத்து, தரையில் குத்துக்காலிட்டு, அளந்தார். நாலடி இரண்டு அங்குலம் மூன்று நூல். மறுபடி அளந்தார். நாலடி இரண்டு அங்குலம் மூன்று நூல். டேப் சுருண்டு உள்ளே போகிற சத்தம் அந்தத் தெருவில் அவ்வளவு பெரிதாகக் கேட்டது. பக்கத்து வீட்டுக்குப் போய் அங்கேயும் அளந்தார், ஜம்புலிங்கத்தின் கட்டில் கிடந்த அறையில். அங்கே இரண்டு அங்குலம் கூட. அவ்வளவுதான். இவர் படிக்கட்டிலிருந்து அந்தக் கட்டிலுக்கு இருபத்திரண்டு தப்படி. அதையும் எண்ணினார். எண்ணாமல் இருந்திருக்கலாம். ஆனால் அளக்கத் தெரிந்தவனுக்கு அளக்காமல் இருக்கத் தெரியாது.

ஸ்ட்ரெச்சர். அங்கிருந்துதான் ஆரம்பம். இல்லை, அதற்கும் முன்னால். நாற்பது வருஷத்துக்கு முன்னால் ‘ஏரிக்கரைப் புறம்போக்கு யாருக்கு? உழைப்பவனுக்கே!’ என்று ஆயிரம் நோட்டீஸ் அடித்தது யார்? ஃபவுண்டரியில் கழித்துக்கட்டின மணலை லாரி லாரியாகக் கொட்டி நீர்ப்பிடிப்பை மேடாக்கியது யார்? அடுக்குமாடிக்காரன் பிறகு வந்தான். வழி காட்டினவன் இவர்தான். ஏரி வீட்டுக்குள் வரவில்லை, ஏரிக்குள்தான் வீடு. அதை இவர் எந்த மேடையிலும் சொன்னதில்லை. சரி, அது கிடக்கட்டும், அது நியாயமான போராட்டம், தலைக்கு மேல் கூரையில்லாத நூற்றிருபது குடும்பம். ஸ்ட்ரெச்சர். அவன் சாவதற்கு முந்தின நாள் சாயங்காலம் படகு வந்தது. ரப்பர் படகு, இரண்டு பையன்கள், தெருவில் முழங்கால் தண்ணீர். ஜம்புலிங்கம் இடுப்பெலும்பு முறிந்து மூன்று வாரமாகக் கட்டிலில் கிடந்தான். பூங்காவனம் மகளுக்குப் பிரசவம் பார்க்க அரக்கோணம் போயிருந்தாள், “மூணே நாள்ணே, பாத்துக்குங்க” என்று இவரிடம் ஒப்படைத்துவிட்டு. பையன்கள் அவனைப் போர்வையில் சுருட்டித் தூக்கிக்கொள்கிறோம் என்றார்கள். இவர் வாசலை மறித்து நின்றார். “மனுஷன் என்ன அரிசி மூட்டையா? இடுப்பு ஒடிஞ்சவன் அவன். அரசாங்கம்தானே அனுப்புச்சு? ஸ்ட்ரெச்சர் கொண்டு வா. அதுவரைக்கும் நாங்க ரெண்டு பேரும் நகர மாட்டோம்.” நியாயமான கோரிக்கை. நூறு தடவை யோசித்தாயிற்று, நியாயமான கோரிக்கைதான். ஜம்புலிங்கம்கூட உள்ளேயிருந்து சிரித்தான். “விடுங்க தோழர், கலெக்டரையே கூப்டுவீங்க போல.” படகு போயிற்று. வரவில்லை. ராத்திரி ஏரியில் உடைப்பெடுத்தது. இவர் தன் வீட்டு மாடிப்படியில் இருந்தார், அரிசி டப்பாவையும் நோட்டீஸ் கட்டுகளையும் மேலே ஏற்றிக்கொண்டு. நோட்டீஸ் கட்டுகள். முதலில் அவற்றை ஏற்றினார். விடியும்போது தண்ணீர் கூடுவது நின்றுவிட்டது, அதுதான் அதன் அழகு, நின்று அப்படியே காபி மாதிரி அசையாமல் இருந்தது. வெளிச்சம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டிலிருந்து குரல் வந்தது.

முதலில் ‘தோழர்’ என்றுதான் கூப்பிட்டான். சாதாரணமாக, டீ வந்துவிட்டதா என்று கேட்பதுபோல. இவர் “இதோ” என்றார். சொன்னார், சத்தமாகவே சொன்னார், ‘இதோ’ என்று. படியில் ஒவ்வொன்றாக இறங்கினார். மூன்று படி. தண்ணீர் இடுப்புக்கு வந்தது. அந்தக் குளிர் இப்போதும், இந்த வெயிலில், வேட்டிக்குள் ஏறுகிறது. நாலாவது படியில் கால் வைத்தபோது கெண்டைக்காலை ஏதோ ஒன்று சுற்றியது. மெதுவாக, வழுவழுவென்று, ஒரு சுற்று சுற்றி இறுக்கியது. அவர் மேலே பாய்ந்துவிட்டார். ஐந்தாறு படி. மாடிக்கே போய்விட்டார். பாம்பு என்று நினைத்தார். வேராகத்தான் இருக்கும், ஆகாயத்தாமரை வேர், அதன் கொத்துத்தான் படி ஓரம் மிதந்துகொண்டிருந்தது, கண்ணால் பார்த்தார், பார்த்த பிறகும் இறங்கவில்லை. மூன்று தடவை தடியடி வாங்கினவர். லாக்கப்பில் இரண்டு பல் போனது. துப்பாக்கியைப் பார்த்துச் சட்டையைத் திறந்து காட்டினவர் என்று இவரைப் பற்றி மற்றவர்கள் மேடையில் பேசுவார்கள், அது பொய்யில்லை, காட்டினார். அன்றைக்கு அவரைச் சுற்றி முந்நூறு பேர் நின்றார்கள். ‘தோழர்’ இரண்டு தடவை. பிறகு ‘வேதகிரி’. முப்பது வருஷப் பழக்கத்தில் அவன் இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதேயில்லை. பிறகு ‘அண்ணே’, அது பூங்காவனம் கூப்பிடும் முறை, எதற்கு அவன் அப்படிக் கூப்பிட்டான்? கட்டில் மரக்கட்டில். கொஞ்ச நேரம் மிதந்திருக்கும். கடைசியாகக் கூப்பிட்டதில் பெயரே இல்லை. இவர் மாடியில் கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு, எதிரே தண்ணீர்த் தொட்டியில் எழுதியிருந்த லிட்டர் கணக்கைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். ஐந்நூறு லிட்டர். ஐந்நூறு லிட்டர். படிக்கத் தெரிந்தது ஒரு பாவம். துண்டுப் பிரசுரம் படித்துத்தான் எழுத்தே கற்றுக்கொண்டார், அந்த எழுத்து அன்றைக்கு இதற்குப் பயன்பட்டது.

அளந்த அன்றே மாணவர்கள் வந்தார்கள், துடைப்பமும் பிளீச்சிங் பவுடரும் வைத்துக்கொண்டு. “முதல்ல அந்தம்மா வீடு. வர்றதுக்குள்ள பளிச்னு இருக்கணும், பாவம்” என்றார் வேதகிரி. நின்று தேய்க்க வைத்தார். உள்ளும் வெளியும் ஒரு மஞ்சள் கறை விடாமல் தேய்த்து, மூன்று நாளில் சுண்ணாம்பும் அடித்து முடித்தார்கள். தன் சுவரைத் தானே தேய்த்தார். ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. பூங்காவனம் வந்து, வெளுத்த சுவரைத் தடவிப் பார்த்து, “உங்களுக்கு எந்த ஜென்மத்துல கைம்மாறு செய்வேன்” என்று அழுதாள். அவள் கேட்காமலே இவர் சொன்னார், “ஆறடிம்மா.” அதற்கு முன்னாலேயே நோட்டீஸ் அச்சுக்குப் போயாயிற்று, ‘ஆறடி வெள்ளத்தில் தொழிலாளி பலி! ஏரிக்கரையை உடைய விட்டவன் எவன்?’ என்று. எவன் என்ற கேள்விக்கு நோட்டீஸில் ஆறு பேர் பெயர் இருந்தது. ஆறு பேருமே அயோக்கியர்கள்தான். கோடு அதற்குப் பிறகு போட்டது. நோட்டீஸில் சொன்னதற்குச் சுவரில் சாட்சி வேண்டுமே. கயிறு பிடித்து, ரசமட்டம் வைத்து, ஆறடியை ஒரு நூல் பிசகாமல் அளந்து, பொய்யைப் போட்டார். கடைசி இரண்டு வீடும் பள்ளம் என்பதால் தெருக்காரர்கள் நம்பினார்கள், நம்பாதவனும் நிவாரணத்துக்காகத் தலைவர் கூட்டிச் சொல்கிறார் என்று நினைத்துச் சும்மா இருந்தான். ஆறடித் தண்ணீரில் ஐந்தரை அடி மனிதன் என்ன செய்ய முடியும்?

மணி பத்தே முக்கால். ரெண்டு கை அடித்தால் போதும். அவர் எழுந்தார். முட்டி கடகடவென்று சத்தம் போட்டது. பிரஷை எடுத்து முக்கினார். அடியில் படிந்த சுண்ணாம்பு கலங்கி மேலே வந்தது, தண்ணீர் வெளுத்தது. அழித்துவிட்டால் தெருவின் பொய்யும் தன் பொய்யும் ஒன்றாகிவிடும், இரண்டுக்கும் சேர்த்து ஒரே வெள்ளை. ரோடு வரைக்கும்தான் சார். ரெண்டு மணி நேரத்துல வடிஞ்சிடுச்சு. வடிந்துதான் போகட்டுமே. அவள் அரக்கோணம் போவாள், பேத்தியோடு இருப்பாள், மழை ராத்திரியில் விளக்கை அணைத்துத் தூங்குவாள். இவரும் தூங்கலாம். குப்புராஜ் சிரிப்பான், கிழவன் கடைசியில் வழிக்கு வந்தான் என்பான். சிரிக்கட்டும் அந்தப் பயல். கையைத் தூக்கினார். தூக்கின கை கோட்டைத் தொட்டது, ஆனால் சுண்ணாம்பு முழங்கை வழியாக வழிந்து அக்குளுக்குள் இறங்கியது, குளிர்ந்து, மெதுவாக, வழுவழுவென்று. அவர் பிரஷை வாளியில் போட்டுவிட்டார். பாம்பு இல்லை, சுண்ணாம்பு. வேர். சுண்ணாம்பு. அப்போது தெருமுனையில் கார் திரும்பியது.

இறங்கியவர்கள் புருஷன், பெண்டாட்டி, முப்பது வயதுக்குள். புரோக்கர் தனசேகர் பைக்கை நிறுத்தும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டான். காற்று எப்படி வருது பாருங்க சார், ஏசியே வேணாம், வடக்குப் பார்த்த மனை, ஏரிக்கும் உங்களுக்கும் நடுவுல ஒரு கட்டடம் வர முடியாது. பூங்காவனம் தன் கேட்டைத் திறந்து வைத்து நின்றாள், நல்ல புடவை, தலை வாரியிருந்தாள். அவள் கண் முதலில் இவர் சுவருக்குத்தான் வந்தது. கோடு அப்படியே இருந்தது, ஒரு மூலையில் மட்டும் வெள்ளையாக ஒரு தீற்றல். உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்த பெண் இந்தப் பக்கம் திரும்பினாள், நின்றாள், வாய்விட்டுப் படித்தாள். “ஆறடியா? என்னங்க, இங்க பாருங்க.”

“அது ஒண்ணுமில்ல மேடம்” என்று தனசேகர் சிரித்தான். “பெரியவர் அந்தக் காலத்து யூனியன் லீடர். கவர்மெண்டத் திட்டறதுக்குப் போட்டது. செவுரு அவருது, நாம என்ன சொல்ல முடியும்? ரோடு வரைக்கும்தான் வந்துச்சு. அம்மாவையே கேளுங்க.”

அந்தப் பெண் பூங்காவனத்தைக் கேட்டாள். “நிஜமாவாம்மா?”

பூங்காவனம் வேதகிரியைப் பார்க்கவில்லை. தன் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “ரோடு வரைக்கும்தாம்மா. ரெண்டு மணி நேரத்துல வடிஞ்சிடுச்சு.”

“உள்ள மாலை போட்ட போட்டோ… உங்க வீட்டுக்காரரா?”

“ஆமாம்மா.”

“எப்படி இறந்தாரு?”

“ஒடம்பு முடியாம.”

தெருவே சொன்ன பொய், இஸ்திரிக்காரரும் பால்பூத்துக்காரியும் சொன்ன பொய்தான். இவளும் சொன்னால் என்ன? சொல்லட்டும். இன்னும் ஐந்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் கார் போய்விடும். ஒன்பது வருஷம் மூடின வாய் ஐந்து நிமிஷம் மூடாதா? ஆனால் ஒடம்பு முடியாம. இடுப்பு ஒடிந்தும் சிரித்துக்கொண்டு கிடந்தானே, கலெக்டரையே கூப்டுவீங்க போல என்று. அவன் நாலு விதமாகக் கூப்பிட்டான். ஒடம்பு முடியாம. இவருக்கு முதலில் வந்தது கோபம்தான், வழக்கமான கோபம், எல்லோர் மேலும் வருகிற அதே கோபம்; அந்தக் கோபத்தோடுதான் வாயைத் திறந்தார், ஆறடி என்று சொல்லத்தான் திறந்தார்.

“நாலடி ரெண்டங்குலம் மூணு நூல்” என்றார் வேதகிரி.

தனசேகர் தலையில் கைவைத்துக்கொண்டான். “ஐயா, உங்க கால்ல வேணா விழறேன்…”

“ஆறடி இல்ல. நான் தப்பா எழுதினது. டேப் வெச்சு அளந்தேன். நாலடி ரெண்டங்குலம் மூணு நூல். அந்தம்மா வீட்டுக்குள்ள ரெண்டங்குலம் கூட. ஓட்டம் கிடையாது, நின்ன தண்ணி. காலம்பற ஏழு மணி, நல்ல வெளிச்சம்.”

புருஷன்காரன் யோசித்தான். கையைப் படுக்கைவாட்டில் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தான், கொஞ்சம் இறக்கினான். “நாலடின்னா இங்கதானே வரும்? அதுவும் நின்ன தண்ணி. ஆள் தாராளமா நடந்து போயிடலாமே.” பெண்டாட்டியிடம் திரும்பினான். “எப்படியும் இடிச்சுட்டுத்தான் கட்டப்போறோம். பேஸ்மெண்ட்ட அஞ்சடி தூக்கிட்டா முடிஞ்சுது. இத வெச்சு ரேட்டக் கொறைச்சுப் பேசலாம்.” தனசேகரின் முகத்தில் உயிர் வந்தது. “அதான் சார், உண்மையச் சொல்லிட்டாரு பாருங்க, பெரிய மனுசன்” என்றான். மூவரும் பேசிக்கொண்டே காரை நோக்கி நடந்தார்கள். வியாபாரம் முடிந்துவிட்டது. அவ்வளவு சுலபமாக.

பூங்காவனம் நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் பார்வை அந்தப் பையன் கை வைத்துக் காட்டின உயரத்திலேயே காற்றில் நின்றது. பிறகு வேதகிரியின் நெஞ்சுக்கு வந்தது. அங்கேயும் நின்றது. ஏதாவது கேட்பாள் என்று பார்த்தார். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பார்த்தார், அதற்கெல்லாம் அவரிடம் பதில் இருந்தது, பாம்பு, வேர், ஸ்ட்ரெச்சர், ஆறு அயோக்கியர்கள். அவள் கேட்டைத் தாண்டி நடந்து வந்தாள். வேகமாக இல்லை. ஒவ்வொரு தப்படியாக வைத்தாள். உதடு அசைந்தது. எண்ணுகிறாள்.

படிக்கட்டுக்கு வந்து நின்றாள்.

“கூப்டாரா?” என்றாள்.

“கூப்டான்.”

“எத்தினி வாட்டி?”

அவர் சொன்னார். எண்ணிக்கை அவருக்குத் தெரியும்.

அவள் குனிந்து வாளியை எடுத்தாள். பிரஷையும் எடுத்து உதறினாள். சுண்ணாம்பு அவர் காலில் தெறித்தது. “அழிச்சிடாதீங்க. இருக்கட்டும். நான் போனப்புறமும் இருக்கட்டும். தினமும் பாருங்க” என்றாள். அண்ணே என்று சொல்லவில்லை. வாளியோடு திரும்பி நடந்தாள், இந்த முறை எண்ணாமல். கேட்டைச் சாத்தும் சத்தம் கேட்டது.

வேதகிரி சுவரை ஒட்டி நின்றார். கோடு அவர் தலைக்கு மேலே இருந்தது, சரியாக அரை அடி.